என்கொயரியில் அக்காவுக்குத் துணையாக நிற்கப் போகிறேன், எப்படித் தயாராவது?

வலைக்கண்ணி:

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு வலைக் கம்பெனியில் மென்டிங் செக்‌ஷனில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மெஷினில் இருந்து வரும் மீன்பிடி வலையை மடியில் போட்டு, கண்ணி விட்டுப்போன இடத்தையும் முடிச்சு நழுவிய இடத்தையும் தேடிக் கையால் திருத்துவது எங்கள் வேலை.

என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் அக்காவை சஸ்பெண்ட் செய்து இன்றோடு 19 நாள். 16 வருட சர்வீஸில் இதுவரை ஒரு மெமோ வாங்கியதில்லை. அன்று மத்தியானம் ஒரு மெஷின் சரியில்லை. ஒரே வலை மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது. அக்கா அதைப் பார்த்து, "இந்த எளவ எத்தன தடவதான் திருத்த!" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த நேரம் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றிருக்கிறார். அவர் வெளி மாவட்டத்துக்காரர், வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. நம்ம ஊரில் "எளவு" என்று சொல்லாமல் யார் ஒரு நாளைக் கழிக்கிறார்கள்? மழை பெய்தாலும் எளவு, பஸ் வராவிட்டாலும் எளவு. அவர் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

சார்ஜ் மெமோவில் மூன்று குற்றச்சாட்டு. ஒன்று, அனுமதி இல்லாமல் 25 நிமிடம் இருக்கையை விட்டுப் போனது. இரண்டு, மேற்பார்வையாளரைத் தகாத வார்த்தைகளால் பேசிப் பிறர் முன்னிலையில் அவமதித்தது. மூன்று, "தொடர்ந்து ஒழுங்கீனமாக நடந்து வருவது".

அடுத்த வியாழக்கிழமை என்கொயரி. வெளியிலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாகப் போட்டிருக்கிறார்கள். அக்கா என்னைத் துணைக்கு நிற்கச் சொல்கிறார். "நீ நல்லா பேசுவ பிள்ள" என்கிறார். சாப்பாட்டு நேரத்தில் பேசுவதும் வக்கீல் முன்னால் பேசுவதும் ஒன்றா? ராத்திரி தூக்கம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_நடத்துநர்:

தங்கச்சி, பயப்படாதீங்க. 29 வருடம் பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதல் என்கொயரியில் எனக்காக நானே பேசித் தோற்றேன். அதற்கப்புறம் மற்றவர்களுக்காக முப்பது நாற்பது என்கொயரியில் உட்கார்ந்திருக்கிறேன். தோற்ற கதையை முதலில் சொல்கிறேன், அதில்தான் விஷயம் இருக்கிறது.

செக்கிங்கில் என் வண்டியில் டிக்கெட் இல்லாமல் நான்கு பேர் இருந்தார்கள். கூட்டத்தில் நான் அவர்களிடம் இன்னும் போய்ச் சேரவில்லை. என்கொயரியில் நான் பிடித்துக்கொண்ட வாதம் ஒன்றே ஒன்று: "அந்தப் பயணிகளைச் சாட்சியாக அழைக்கவே இல்லையே." அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அது நிற்காது என்று அப்போது எனக்குத் தெரியாது. 1977-லேயே அரியானா ரோடுவேஸ் நடத்துநர் ரத்தன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: உள்விசாரணைக்குக் கோர்ட்டு மாதிரி கறாரான சாட்சியச் சட்டம் பொருந்தாது, பயணிகளை விசாரிக்காததால் மட்டும் விசாரணை கெட்டுவிடாது, நம்பத்தக்க சாட்சியம் ஏதாவது இருந்தால் போதும். நான் கேட்டிருக்க வேண்டியது வேறு. எந்த ஸ்டேஜில் ஏறினார்கள், அடுத்த ஸ்டேஜுக்கு எவ்வளவு தூரம், வண்டியில் அப்போது எத்தனை பேர். இதில் ஒன்றைக்கூடப் பதிவில் ஏற்றவில்லை. இரண்டு இன்கிரிமென்ட் போயிற்று.

ஆகவே முதல் வேலை, "இது அநியாயம்" என்பதை ஒரு பக்கம் வையுங்கள். அது உண்மைதான், ஆனால் வியாழக்கிழமை அது உதவாது. மெமோவை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் கீழே கோடு போட்டு, இதை நிரூபிக்க அவர்களிடம் என்ன இருக்கிறது, இதை மறுக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். "தகாத வார்த்தை" என்றால் எந்த வார்த்தை? மெமோவில் இல்லை. "தொடர்ந்து" என்றால் எந்தத் தேதிகள்? அதுவும் இல்லை. இன்றைக்கே ஒரு கடிதம் கொடுங்கள்: சொன்னதாகக் கூறப்படும் வார்த்தை என்ன, முந்தைய ஒழுங்கீனம் நடந்த தேதிகள் எவை, சாட்சிப் பட்டியல், சூப்பர்வைசர் கொடுத்த புகாரின் நகல், நிலையாணைகளின் (கம்பெனியின் வேலை, ஒழுங்கு விதிகள்) நகல். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால்.

அப்புறம் அந்த அறையில் என்ன பேசினாலும் டைப் ஆகிறதா என்று மட்டும் பாருங்கள். நாளைக்கு மேல்முறையீடோ சமரசப் பேச்சோ லேபர் கோர்ட்டோ, எங்கே போனாலும் அந்தத் தாள்தான் போகும், நீங்கள் போக முடியாது.

குழித்துறைக்காரன்:

இவ்வளவு எதற்கு? என் சித்தப்பா மகனுக்கு ஒரு முந்திரி ஆலையில் இதே மாதிரிதான் ஆயிற்று. முதலாளி காலில் விழாத குறையாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தான், ஒரு வாரத்தில் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். நடுத்தர வயசு அக்கா, வீட்டில் செலவு இருக்கும். சட்டம் பேசப் போய் முழுசாக வேலை போனால் யார் பதில் சொல்வது? நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

தக்கலை_ரயில்:

நான் எதிர்ப்பக்கம் உட்காருகிறவள். தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய் ஒரு நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் வேலை பார்க்கிறேன். என்கொயரியில் நிர்வாகத் தரப்பை எடுத்துவைத்திருக்கிறேன். குழித்துறை அண்ணன் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. பல இடங்களில் அது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கடிதம் எங்கள் ஃபைலில் என்ன ஆகும் என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

"நான் செய்த எல்லாத் தவறுகளுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன், இனி நடக்காது" என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், மெமோவில் இருக்கும் மூன்று குற்றச்சாட்டையும் அவர் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சாட்சியே தேவையில்லை. நல்ல மேனேஜராக இருந்தால் எச்சரித்து உள்ளே எடுப்பார். ஆள் குறைக்க நினைக்கிற நேரமாக இருந்தால் அந்தக் கடிதத்தை வைத்தே டிஸ்மிஸ் செய்யலாம். எது நடக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. உள்ளே எடுத்தாலும் கடிதம் ஃபைலில் இருக்கும், மூன்று வருடம் கழித்து இன்னொரு மெமோ வரும்போது "முந்தைய நடத்தை" என்று அது மேலே வரும். உங்கள் தம்பியிடம் ஒரு நகலாவது கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

வருத்தம் தெரிவிப்பது வேறு, குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு. "வலை மூன்றாவது தடவை திரும்பி வந்த சலிப்பில் வலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். அது மேற்பார்வையாளரின் மனதைப் புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன். அவரை நோக்கி நான் எதுவும் பேசவில்லை." இப்படி எழுதினால் மரியாதையும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது, இரண்டாவது குற்றச்சாட்டு மறுக்கப்பட்டும் இருக்கிறது. இருக்கையை விட்டுப் போனது உண்மை என்றால் அதை மட்டும் நேராக ஒப்புக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மறுக்கிறவரை விசாரணை அதிகாரி நம்ப மாட்டார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்: ஒன்றை ஒப்புக்கொண்டவரின் மற்ற மறுப்புக்கு எடை கூடுகிறது.

பணம் பற்றியும் கேளுங்கள். சஸ்பென்ஷன் காலத்தில் பிழைப்பூதியம் உண்டு. தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981-இல் தனிச் சட்டம் வந்தது: முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால், 180 நாளைத் தாண்டினால் முழுச் சம்பளம். அக்காவுக்கு அது வந்ததா? வராவிட்டால் விசாரணைக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். கையில் பஸ் காசு இல்லாமல் ஒருவரை விசாரணைக்கு வா என்று சொல்வது நியாயமான விசாரணை ஆகாது. கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த பால் அந்தோணி வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது.

குழித்துறைக்காரன்:

நகல் வாங்கவில்லை. கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன். கடிதம் இப்படித் திரும்பி வரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒட்டுப்பால்:

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. எனக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பால்) திருடியதாக மெமோ. பிடித்த அன்று எழுதிய தாளில் நான்கு கிலோ அறுநூறு. ஒரு மாதம் கழித்து என்கொயரி மேசையில் வைத்ததை நிறுத்திப் பார்க்கச் சொன்னேன், மூன்று கிலோ முந்நூறு. உலர்ந்தால் எடை குறையும் என்று பால்வெட்டுகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் இவ்வளவு குறையுமா, சாக்கில் முத்திரை ஏன் இல்லை, ஒரு மாதம் யார் பொறுப்பில் இருந்தது என்று கேட்டோம். அவர்களிடம் பதில் இல்லை. நான் நிரபராதி என்று கத்தியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தராசைக் கொண்டுவரச் சொன்னதும் அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இன்னொன்று. எங்கள் என்கொயரிக்கு முதலில் உட்கார்ந்தவர் புகார் கொடுத்த அதே சூப்பிரண்டெண்ட். யூனியன் அண்ணன் ஒருவர் மீன்கிளாஸ் தேயிலைத் தோட்ட வழக்கை எடுத்துச் சொன்னார். மேற்கு வங்காளத்தில் நடந்தது, 1963 தீர்ப்பு. தாக்கப்பட்டதாகச் சொன்ன மேனேஜர்களே விசாரணையும் நடத்தினார்கள். உச்ச நீதிமன்றம் அது விசாரணையே இல்லை என்று சொன்னது. அதைச் சொன்ன பிறகு எங்களுக்கும் ஆளை மாற்றினார்கள்.

வலைக்கண்ணி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கடிதம் கொடுத்துவிட்டோம். பிழைப்பூதியமும் கேட்டோம், நேற்று அக்கா கணக்கில் வந்துவிட்டது. கேட்கிறவரை ஏன் போடவில்லை என்று தெரியவில்லை. நிலையாணை நகலும் வந்தது. அதே பகுதியில் வேலை செய்யும் ஒருவர் துணைக்கு வரலாம் என்று அதில் இருக்கிறது, எனவே என்னைத் தடுக்க முடியாது.

ஆனால் அவர்கள் கொடுத்த பதிலில் "எளவு என்ற இழிசொல்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். முழு வாக்கியம் இல்லை. முந்தைய தேதிகள் எதுவும் இல்லை.

நேற்று சாயங்காலம் அக்காவிடம் நடந்ததைச் சொல்லச் சொன்னேன். இருபது நிமிடம் சொன்னார். மெஷின் ரிப்பேர், போன வருடம் லீவு தராதது, மகளின் படிப்பு, தலைவலி, சூப்பர்வைசர் முறைப்பது எல்லாம் வந்தது. நடுவில் அழுதார். எனக்கும் அழுகை வந்தது. வியாழக்கிழமை இப்படி ஆனால் என்ன செய்வது?

பழைய_நடத்துநர்:

ஆகும். அதனால்தான் ஒத்திகை வேண்டும். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நாடகமா என்று கேட்கிறார்கள். திக்காமல் பேசுவது பிறவி வரம் என்று நினைக்கிறோம். நானே முதல் நான்கைந்து என்கொயரியில் நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றவன். பழகப் பழகத்தான் வந்தது.

முற்றத்தில் நான்கு நாற்காலி போடுங்கள். ஒருவர் விசாரணை அதிகாரி, ஒருவர் நிர்வாகம், ஒருவர் சூப்பர்வைசர், எதிரே அக்காவும் நீங்களும். அதிகாரியாக உட்காருகிறவர் உங்கள்மேல் பாசம் இல்லாதவராக இருக்க வேண்டும். வீட்டுக்காரரோ கொழுந்தனோ யாரோ, கறாராகப் பேசத் தெரிந்தவர். அக்கா ஒவ்வொரு கேள்விக்கும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழக வேண்டும். தெரியாவிட்டால் "தெரியாது", ஞாபகம் இல்லாவிட்டால் "ஞாபகம் இல்லை". அழுகை வந்தால் தண்ணீர் கேட்கலாம், ஐந்து நிமிடம் கேட்கலாம், அதெல்லாம் அவர் உரிமைதான்.

குறுக்கு விசாரணை பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சாட்சியிடம் "ஏன்" என்று கேட்காதீர்கள். "ஏன் பொய் சொல்கிறீர்கள்" என்று கேட்டால் அவருக்குப் பேச மேடை போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும். எங்கே நின்றீர்கள், எதைப் பார்த்தீர்கள், எத்தனை அடி தூரம், அப்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்ததா: இப்படி ஒரு வரியில் பதில் வருகிற கேள்விகள். ஒவ்வொன்றும் உங்களுக்குப் பதில் தெரிந்த கேள்வியாக இருக்க வேண்டும். வேண்டிய பதில் வந்ததும் உட்கார்ந்துவிடுங்கள். கடைசியாக ஒரு கேள்வி கேட்டு அவர் வாயை அடைத்துவிடலாம் என்று தோன்றும். தோன்றினால் நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். நான் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டு, வந்த பதிலால் ஒரு டிரைவர் தம்பியின் கேஸைக் கெடுத்திருக்கிறேன். இன்றைக்கும் அவன் முகம் ஞாபகம் இருக்கிறது.

சூர் எனாமல் என்று 1963-இல் ஒரு தீர்ப்பு. நியாயமான விசாரணை என்றால் என்ன என்பதை உச்ச நீதிமன்றம் அதில் எளிமையாகச் சொல்லியிருக்கிறது. குற்றச்சாட்டு தெளிவாகத் தெரிவிக்கப்பட வேண்டும், சாட்சிகளைத் தொழிலாளி முன்னிலையில் விசாரிக்க வேண்டும், குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும், தன் பக்கச் சாட்சியை அழைக்க விட வேண்டும், முடிவைக் காரணத்தோடு எழுத வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்து நீட்ட வேண்டாம். எதையாவது அவர்கள் தாண்டிப் போனால், "இதை என் ஆட்சேபணையாகப் பதிவு செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், எழுந்து வெளியே வரவே வேண்டாம். வெளியே வந்தால் நீங்கள் இல்லாமலே விசாரணையை முடித்துவிடுவார்கள், அதுவும் செல்லும்.

தக்கலை_ரயில்:

பதிவு எந்த மொழியில் என்பதையும் முதலிலேயே கேளுங்கள். மத்திய அரசின் மாதிரி நிலையாணைகளில் இந்தி, ஆங்கிலம், அந்த மாநில மொழி இவற்றில் தொழிலாளி விரும்புகிற மொழியில் பதிவு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் நிலையாணையிலும் பாருங்கள். அக்கா தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் டைப் செய்து கையெழுத்து வாங்கினால், அவர் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார் என்று அவருக்கே தெரியாது. அதிலும் உங்கள் கேஸ் முழுக்க ஒரு தமிழ் வார்த்தையைப் பற்றியது. எளவு என்பதை ஆங்கிலத்தில் என்னவென்று போடுவார்கள்?

கூடவே கேட்கிறேன், அந்த வார்த்தையை நம் ஊரில் எப்படிச் சொல்கிறோம் என்று சாட்சி சொல்ல உங்கள் பகுதியில் இருந்து யாராவது வருவார்களா? வேலைக்குப் பயந்து வர மாட்டார்கள் என்றால் வற்புறுத்த வேண்டாம்.

துணிக்கடைப்_பெண்:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையில் இருக்கிறேன். எங்களுக்கு மெமோ எல்லாம் கிடையாது, நாளைக்கு வராதே என்று சொன்னால் முடிந்தது. எங்களுக்கு ஏதாவது உண்டா?

தக்கலை_ரயில்:

உண்டும்மா. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதன் 41-ஆம் பிரிவு: தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல், அல்லது நோட்டீஸுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் இல்லாமல், அனுப்பக் கூடாது. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் அனுப்ப வேண்டும் என்றால் அதற்கென்று விசாரணை நடத்திச் சாட்சியம் பதிவு செய்திருக்க வேண்டும். அனுப்பினால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம், 30 நாளுக்குள். அந்த 30 நாளைத் தவற விடாதீர்கள். சம்பளம் வந்ததற்கான வங்கிப் பதிவு, கடை அடையாள அட்டை, வேலை பற்றி வந்த வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். உட்கார நாற்காலி கேட்பதும் உங்கள் உரிமைதான், 2021-இல் அதே சட்டத்தில் சேர்த்தார்கள்.

வலைக்கண்ணி:

மூன்று நாள் ஒத்திகை நடந்தது. என் நாத்தனார் வீட்டுக்காரர் விசாரணை அதிகாரி. அவர் கேட்ட கேட்பில் அக்கா முதல் நாள் "எனக்கு இந்த வேலையே வேண்டாம்" என்று எழுந்துவிட்டார். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து மறுபடி உட்கார வைத்தோம். மூன்றாம் நாள், "ஆமா, நான் சொல்லாமப் போனேன், அது என் தப்பு. பத்து நிமிசம் தலைய சாய்ச்சுட்டு வந்தேன்" என்று நிமிர்ந்து சொன்னார். அந்த ஒரு பதிலைக் கேட்டதும் எனக்கே தைரியம் வந்தது.

இன்று வியாழக்கிழமை. இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஆங்கிலத்தில்தான் டைப் செய்யத் தொடங்கினார்கள். தமிழில் வேண்டும் என்று கேட்டோம். பர்சனல் மேனேஜர் நேரம் ஆகும் என்றார். விசாரணை அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார், தமிழ் டைப் தெரிந்த பெண்ணை வரவழைத்தார்கள். நல்லவேளை. ஏனென்றால் சூப்பர்வைசர், "சத்தமாகச் சொன்னார்" என்று சொன்னது தாளில் "சத்தம் போட்டுத் திட்டினார்" என்று வந்திருந்தது. கையெழுத்துக்கு முன் வாசித்துப் பார்த்து, அவர் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அவரிடமே கேட்டார்கள், அவரும் சொல்லவில்லை என்றார். திருத்தினார்கள். அவரைப் பற்றி இதைச் சொல்லியாக வேண்டும், அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே மனம் நொந்திருக்கிறது.

என் முறை வந்தது. தாள் கையில் நடுங்கியது. எழுதி வைத்திருந்ததை அப்படியே வாசித்தேன்.

"நீங்கள் வரும்போது அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்?" "வலையை."

"வலை எங்கே இருந்தது?" "அவர் மடியில்."

"நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள்?" "பின்னால், நாலைந்து அடி."

"அவர் திரும்பிப் பார்த்தாரா?" "எழுந்த பிறகுதான் பார்த்தார்."

"அவர் சொன்ன முழு வாக்கியத்தைச் சொல்ல முடியுமா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இந்த எழவை எத்தனை தடவை திருத்துவது என்றார்."

அப்போது எனக்கு அந்தக் கடைசிக் கேள்வி வாயில் வந்து நின்றது அண்ணன். "திருத்துவது என்றால் வலையையா உங்களையா?" நாக்கைக் கடித்துக்கொண்டேன். "கேள்விகள் முடிந்தன" என்று உட்கார்ந்துவிட்டேன். விசாரணை அதிகாரி அந்த வாக்கியத்தை டைப் செய்த பெண்ணிடம் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

மென்டிங்கில் இருந்து ஒரு அக்கா சாட்சி சொல்ல வந்தார். தானாகவே வந்தார். "நாங்க நூலு சிக்கினா எளவுன்னு சொல்லுவோம், சோறு குழைஞ்சா எளவுன்னு சொல்லுவோம் சார்" என்றார். மூன்றாவது குற்றச்சாட்டுக்கு அவர்கள் எந்தத் தாளும் கொடுக்கவில்லை. விவரம் கேட்டும் தரப்படவில்லை என்று எங்கள் கடிதத்தைப் பதிவில் சேர்த்தோம்.

பழைய_நடத்துநர்:

கண்ணில் தண்ணீர் வருகிறது தங்கச்சி. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டீர்களே, அதற்கு எனக்குப் பத்து வருடம் ஆயிற்று.

அறிக்கை வந்தால் நகல் கேளுங்கள். தண்டனை கொடுப்பதற்கு முன் அறிக்கையின் நகலைத் தொழிலாளிக்குக் கொடுத்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று 1993-இல் கருணாகர் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

தக்கலை_ரயில்:

இனிதான் பேச்சுவார்த்தை. இதற்கும் ஒத்திகை பாருங்கள்.

எங்கள் மேசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கோபத்தோடு வருவார்கள், அல்லது கெஞ்ச வருவார்கள். இரண்டிலும் என்னால் மேலிடத்துக்கு எடுத்துக்கொண்டு போக எதுவும் இருக்காது. முதலாளியிடம் போய் "பாவம் சார்" என்று நான் சொல்ல முடியாது. ஒரே பக்கத்தில் ஒரு தாள் கொண்டுவந்தால் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியும். நிரூபணமான குற்றம் எது, அவருடைய 16 வருடப் பதிவு என்ன, இதே குற்றத்துக்கு உங்கள் கம்பெனியில் மற்றவர்களுக்கு என்ன கொடுத்தார்கள், நீங்கள் ஏற்கத் தயாராக இருக்கும் தண்டனை எது. கடைசியில் உள்ளதைச் சொல்லப் பலர் பயப்படுகிறார்கள். நீங்களே ஒரு சிறிய தண்டனையை முன்வைத்தால் பேச்சு அங்கிருந்து தொடங்கும், டிஸ்மிஸிலிருந்து தொடங்காது.

கோர்ட்டுக்குப் போவேன் என்று மிரட்ட வேண்டாம். அந்த வழி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். தண்டனை குற்றத்தின் அளவுக்கு மீறியது என்றால் அதைக் குறைக்கும் அதிகாரம் லேபர் கோர்ட்டுக்கு 1971-லேயே தொழில் தகராறு சட்டத்தின் 11ஏ பிரிவு மூலம் வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் அந்த அதிகாரம் தொடர்கிறது. ஆனால் வேலை போன பிறகு வழக்குக்குப் போக முன்பு மூன்று வருடம் இருந்தது, இப்போது இரண்டுதான். இங்கிருந்து திருநெல்வேலிக்கு வருடக்கணக்கில் பஸ் ஏறிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அதற்கு முன் இந்த மேசையில் முடிந்தால் எல்லோருக்கும் நல்லது.

அவர்கள் ஒரு எண்ணைச் சொன்னால் உடனே பதில் சொல்லாதீர்கள். அமைதியாக இருங்கள். எதிரே இருக்கிற எங்களுக்குத்தான் அந்த அமைதி கஷ்டமாக இருக்கும்.

வலைக்கண்ணி:

அறிக்கை வந்தது, நகல் கொடுத்தார்கள். அனுமதி இல்லாமல் போனது நிரூபணம். திட்டியது நிரூபிக்கப்படவில்லை. மூன்றாவதற்கு விவரமே இல்லை என்று தள்ளிவிட்டார்.

நேற்று அக்காவும் நானும் பர்சனல் மேனேஜரைப் பார்த்தோம். ஒரு பக்கத் தாள் கொண்டுபோனோம். எச்சரிக்கைக் கடிதத்தை ஏற்கிறோம், 47 சஸ்பென்ஷன் நாளையும் வேலை நாளாகக் கணக்கிட வேண்டும் என்று எழுதியிருந்தோம். அவர், எச்சரிக்கை சரி, ஆனால் 47 நாளும் தண்டனையாகவே போகட்டும், மிச்சச் சம்பளம் கிடையாது என்றார். நான் பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. மேலே மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவரே, "பாதி வேண்டுமானால் பார்க்கலாம்" என்றார்.

அப்போது நிலையாணையைத் திறந்து வைத்தேன். தண்டனையாக சஸ்பெண்ட் செய்வதென்றால் ஒரு தடவைக்கு 4 நாளுக்கு மேல் கூடாது என்று எங்கள் நிலையாணையிலேயே இருக்கிறது. அந்த வரியில் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டு வாசித்தார். உள்ளே போய்ப் போனில் பேசிவிட்டு வந்தார்.

எச்சரிக்கைக் கடிதம், 4 நாள் தண்டனை, மீதி 43 நாளுக்கும் பிழைப்பூதியம் போக மிச்சச் சம்பளம் இரண்டு தவணையில். திங்கள்கிழமை வேலைக்கு வரலாம். எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. வெளியே வரும்போது சூப்பர்வைசர் வாசலில் நின்றார். அக்கா அவரிடம் போய், "சார், உங்கள ஒண்ணும் சொல்லல, வருத்தமா இருந்தா மனசுல வைக்காதீங்க" என்றார். அவர் தலையை ஆட்டினார்.

இன்னொரு விஷயம். சாயம் போடுகிற பகுதியில் ஒரு பையனுக்கு நேற்று மெமோ வந்திருக்கிறது. வேலையில் அலட்சியம், இரண்டு டிரம் வீண் என்று. என்னிடம் வந்து நின்றான். நான் வேறு பகுதி, நிலையாணைப்படி நான் அவனுக்குத் துணைக்கு நிற்க முடியாது. அவன் பகுதியிலேயே ஒரு தம்பியைத் தயார் செய்ய வேண்டும். ஞாயிறு சாயங்காலம் எங்கள் முற்றத்தில் மறுபடி நாற்காலி போடுகிறோம். நடத்துநர் அண்ணன், நீங்கள் வர முடியுமா? இந்தத் தடவை விசாரணை அதிகாரியாக நீங்கள் உட்கார வேண்டும். என் நாத்தனார் வீட்டுக்காரரை அக்கா இன்னும் மன்னிக்கவில்லை.

பழைய_நடத்துநர்:

வருகிறேன். பையனை மெமோவின் நகலோடு வரச் சொல்லுங்கள். அந்த டிரம்மில் கலவை எத்தனை மணிக்குத் தொடங்கியது, அளவு சொன்னது யார், ஷிஃப்ட் புத்தகத்தில் கையெழுத்து யாருடையது, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும்.